கொற்கை வழிவந்த புன்னைக்காயல்

ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. ஆனால் ஆறு ஊருக்கு அழகைத் தருவதோடு நின்றுவிடுவதில்லை. சில காலம் ஓர் ஊரை வளர்க்கிறது. பிறகு அதே ஊரைக் கைவிட்டுத் தன் வழியே போய்விடுகிறது. இந்த உண்மையை நமக்கு நன்கு விளக்கிக் காட்டும் சிற்றூர் புன்னைக்காயல். ஒரு காலத்தில் மேனாட்டுக் கப்பல்கள் நாடி வந்த துறை அது. இன்று மீனவ மக்கள் வாழும் அமைதியான கடற்கரை ஊர். எனினும் நாம் கையில் எடுக்கும் பாடப்புத்தகத்துக்கும், கோவிலில் விரிக்கும் செபப்புத்தகத்துக்கும் அந்த ஊரோடு ஓர் உறவு உண்டு. அந்த உறவு எப்படி ஏற்பட்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இடமும் பெயரும்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஆறு, பாபநாசம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்களைக் கடந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அது கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்ததே புன்னைக்காயல். தூத்துக்குடிக்குத் தெற்கிலும் காயல்பட்டினத்துக்கு வடக்கிலும் இவ்வூர் இருக்கிறது.

காயல் என்றால் கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து தேங்கும் கழி. புன்னையோ கடற்கரை மணலில் செழித்து வளரும் மரம். வெண்ணிறப் பூக்களும், எண்ணெய் எடுக்கும் விதைகளும் உடையது. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் புன்னையை மறந்ததே இல்லை. ஆகவே ஊரின் பெயரிலேயே அதன் நிலமும் நீரும் மரமும் அடங்கியிருக்கின்றன.

மூன்று துறைகள், ஓர் ஆறு

புன்னைக்காயலின் கதையை அறிய வேண்டுமானால் அதற்கு மூத்த இரண்டு ஊர்களை முதலில் அறிய வேண்டும். முதலாவது கொற்கை. பாண்டியரின் புகழ்பெற்ற துறைமுகம் இது. கொற்கை முத்தைச் சங்க இலக்கியம் பல இடங்களில் போற்றுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூலும், அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலும் இதைக் குறிப்பிடுகின்றன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968–69-இல் இங்கே அகழாய்வு நடத்தியது. அதில் கிடைத்த கரித்துண்டைச் சோதித்தபோது அது கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. அத்தனை பழமையான துறைமுகம் இன்று எங்கே இருக்கிறது? கடலிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவில் இருக்கிறது!

கடல் ஏன் விலகிப் போயிற்று? ஆண்டுதோறும் வெள்ளக் காலத்தில் தாமிரபரணி மலையிலிருந்து வண்டலை அள்ளிக்கொண்டு வருகிறது. கடலைத் தொட்டதும் ஆற்றின் வேகம் குறைகிறது. வண்டல் அங்கேயே படிகிறது. ஆண்டுக்கு ஆண்டு படிந்த மண் மேடாகி, மேடு கரையாகி, கரை கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. உழவனுக்கு வாழ்வு தந்த அதே வண்டல் மாலுமிக்கு வழியை அடைத்தது.

கொற்கையில் ஆழம் குறையவே, வணிகர்கள் ஆற்றின் புதிய முகத்துக்கு நகர்ந்தனர். அங்கே எழுந்த இரண்டாவது துறைமுகம் காயல். அதனை இன்று பழையகாயல் என்கிறோம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, 'காயில்' என்னும் சிறந்த நகரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹார்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் குதிரைகளை ஏற்றிக்கொண்டு அங்கே வருமாம். அவ்வூர் மக்கள் எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டிருந்ததையும் அவர் குறிக்கத் தவறவில்லை!

திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை 1881-இல் நூலாக வெளியிட்ட கால்டுவெல் ஐயர், மார்க்கோ போலோ கண்ட ஊர் பழையகாயலே என்று முடிவு செய்தார். அங்கே அவர் நிலத்தைக் கிளறியபோது சீன நாட்டுப் பீங்கான் ஓடுகளும் அரபு நாட்டு மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. எத்தனை நாட்டு மாலுமிகள் அங்கே உணவு உண்டிருப்பார்கள் என்பதற்கு அந்த உடைந்த ஓடுகளே சாட்சி. ஆயினும் காயலுக்கும் கொற்கையின் கதியே வந்தது. வண்டல் தூர்ந்தது, கடல் விலகியது. ஆற்றின் முகம் மேலும் கிழக்கே சென்றது. அந்தப் புதிய முகத்தில் எழுந்த மூன்றாவது துறையே புன்னைக்காயல்.

முத்துக் குளித்த மக்கள்

துறை மாறினாலும் மக்களின் தொழில் மாறவில்லை. கன்னியாகுமரி முதல் இராமேசுவரம் வரையுள்ள இக்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கடலடியில் சிப்பிகள் செறிந்து வாழும் பாறைத் திட்டுகளைப் பார் என்பர். கடல் அமைதியாக இருக்கும் சித்திரை மாதத்தையொட்டிய வாரங்களில் தோணிகள் பாருக்குப் புறப்படும்.

கடலில் குளிப்பவர் ஒரு கல்லின் மேல் கால் ஊன்றி, அதைக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்குவார். கல்லின் பாரம் அவரை விரைவாக அடிமட்டத்துக்குக் கொண்டு செல்லும். அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு, கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் சேர்ப்பார். அவர் கயிற்றை அசைத்ததும் தோணியிலுள்ள துணைவர் இழுத்து மேலே கொண்டுவருவார். நீருக்குள் இருந்தது ஏறக்குறைய ஒரு நிமிடந்தான்; ஆனால் உயிரே அந்த ஒரு கயிற்றில் தொங்கும். எடுத்த சிப்பிகளை எல்லாம் கரையில் குவித்து, அழுகவிட்டு, கழுவிப் பார்த்தால் அவற்றுள் மிகச் சிலவற்றில் மட்டுமே முத்து இருக்கும்.

பெரிப்ளூஸ் நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகக் கூறுகிறது. அவ்வளவு ஆபத்தான தொழில்! மார்க்கோ போலோவின் காலத்தில் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போயிற்று. சுறா மீன்களின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு போயிற்று. முத்து அரசரின் மார்பில் ஒளிவிட்டது; அதை எடுத்துக் கொடுத்த பரதவரின் குடிசையிலோ அந்த ஒளி இல்லை.

ஞானஸ்நானமும் சவேரியாரும்

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிக்கும் உரிமை பற்றிப் பரதவருக்கும் மற்ற வணிகருக்கும் இடையே கடும் பூசல் எழுந்தது. அப்பூசலில் எந்தப் பக்கத்தையும் பழிப்பது நம் நோக்கமன்று. நெருக்கடியில் சிக்கிய பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைத் தேடினர். கோழிக்கோட்டிலிருந்து போர்ச்சுகலுக்குச் சென்று அங்கே கிறிஸ்தவரான குதிரை வணிகர் ஜோவான் தா குரூஸ் அவர்களுக்கு வழிகாட்டினார். 1535-க்கும் 1537-க்கும் இடையில் இக்கரையைச் சேர்ந்த ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்பர்.

பெயர் கிடைத்தது, பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் போதிக்க ஆள் இல்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் ஒன்றும் அறியாத நிலையில் மக்கள் சில ஆண்டுகள் காத்திருந்தனர். 1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கிய புனித பிரான்சிஸ் சவேரியார், அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே இக்கரைக்கு வந்தார். மணல் வழியே ஊர் ஊராக நடந்தார். கையில் ஒரு மணியை அடித்துக்கொண்டு சிறுவர் சிறுமியரைக் கூட்டினார். தமிழ் அறிந்தவர்களைத் துணைக்கு வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அப்பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்குக் கற்பித்தார்கள். நோயாளிகள் அழைக்கும்போது எல்லா இடத்துக்கும் தாம் போக முடியாமையால், செபம் கற்ற பிள்ளைகளைத் தமக்குப் பதிலாக அனுப்பியதாகச் சவேரியாரே எழுதியிருக்கிறார். மாணவியராகிய நாம் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். இக்கரையின் முதல் உபதேசியார்களில் பலர் நம் வயதினர்!

1544-இல் அவர் புன்னைக்காயல், மணப்பாடு முதலிய ஊர்களிலிருந்து தம் துணைவர் மன்சிலாசுக்குப் பல கடிதங்கள் எழுதினார். அவற்றில் ஒன்று தமிழ்ப் பாடம் படிக்கும் நமக்கு மிகவும் சுவையானது. விசுவாசப் பிரமாணத்தின் முதல் மொழிபெயர்ப்பில் 'வேணும்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. அது 'விரும்புகிறேன்' என்னும் பொருளைத் தருமே அன்றி 'நம்புகிறேன்' என்னும் பொருளைத் தராது. ஆகையால் விசுவாசம் என்ற சொல்லைப் பயன்படுத்துக என்று அவர் திருத்தி எழுதுகிறார். கடவுள் எனக்கு வேண்டும் என்பதற்கும் கடவுளை விசுவசிக்கிறேன் என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! ஒரு சொல் பிழைத்தால் பொருளே பிழைத்துவிடும் என்பதை மொழி புதிதாய்க் கற்ற அந்தப் புனிதர் உணர்ந்திருந்தார்.

ஊர்தோறும் பிள்ளைகளுக்குப் போதிக்கும் கணக்கப்பிள்ளைமாருக்குச் சம்பளம் தர வேண்டியிருந்தது. முத்துக்குளித்துறையின் வருமானத்தில் ஒரு பகுதி போர்ச்சுகல் அரசி கத்தரீனாளுக்குச் 'செருப்புப் பணம்' என்ற பெயரில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தை இப்பிள்ளைகளுக்குத் தருமாறு சவேரியார் அரசியிடம் கேட்டார். மோட்சத்துக்கு ஏறிச்செல்ல இக்கரைக் குழந்தைகளைவிட நல்ல செருப்பு அரசிக்குக் கிடைக்காது என்று அவர் எழுதினார். பணம் கிடைத்தது. கடலடியிலிருந்து பரதவர் எடுத்த முத்தின் ஒரு பங்கு, முதன்முறையாக அவர்களுடைய பிள்ளைகளின் கல்விக்கே திரும்பி வந்தது.

அண்டிரிக் அடிகளார்

சவேரியார் விதைத்ததை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீர் ஊற்றி வளர்த்தவர் ஹென்றிக் ஹென்றீக்கஸ். தமிழ் மக்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்பர். 1520-இல் போர்ச்சுகலில் பிறந்த அவர், யூத வழிவந்த குடும்பத்தவர். அதன் காரணமாகவே தாம் முதலில் சேர்ந்த துறவற சபையிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர்ச் சேசு சபையில் இடம் கிடைத்தது. 1546-இல் கோவாவுக்கு வந்து, அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறையை அடைந்தார். சொந்த நாட்டில் பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்டவரை, இக்கரை மக்கள் தம்மவராக ஏற்றுக்கொண்டனர்.

அவருடைய வாழ்வில் புன்னைக்காயலுக்குச் சிறப்பிடம் உண்டு. அக்காலத்தில் முத்துக்குளித்துறையின் போர்ச்சுகீசியத் தலைவர் தங்கிய இடமும் இவ்வூரே. அடிகளார் இங்கே நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை அமைத்தார். அதற்கு ஊர் மக்களும் உதவினார்கள். சனிக்கிழமை பெண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆண்களுக்கும் கோவிலில் போதிக்கும் ஒழுங்கைச் சவேரியார் வகுத்திருந்தார். பெண்களும் தனியே அமர்ந்து கேட்டுக் கற்க ஒரு நாளை ஒதுக்கியதை நாம் சிறிய செய்தி என்று தள்ளிவிட முடியாது.

அமைதி எப்போதும் நிலைக்கவில்லை. 1553-இல் பகைவர் புன்னைக்காயலைத் தாக்கிக் கைப்பற்றினர். போர்ச்சுகீசியர் சிறைப்பட்டனர், கொச்சியிலிருந்து வந்த படை அவர்களை மீட்டது. இத்தகைய இன்னல்களுக்கு நடுவிலேதான் அடிகளார் தமிழ் கற்றார். கற்றதோடு நில்லாமல் பின்வருவோர்க்குப் பயன்படும்படி ஒரு தமிழ் இலக்கணத்தைப் போர்ச்சுகீசிய மொழியில் எழுதினார். அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் நகரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

முத்து எழுத்தான கதை

1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு செபநூல் அச்சாயிற்று. அதிலிருந்த மொழி தமிழ். எழுத்தோ உரோமன் எழுத்து. தமிழைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்ற முயற்சி அதன் பிறகு வலுப்பட்டது. 1577-இல் கோவாவிலும் 1578-இல் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். ஆனால் இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதல் அச்சான நூல் அதுவே. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586-இல் முத்துக்குளித்துறையிலேயே, புனிதர்களின் வரலாறுகளைக் கூறும் 'பிளோஸ் சாங்தோரும்' என்ற பெருநூல், 600-க்கும் மேற்பட்ட பக்கங்களில் அச்சாயிற்று.

இந்த அச்சு வேலைக்கு வேண்டிய பணத்தை யார் கொடுத்தார்கள்? முத்துக்குளித்துறைப் பரதவ மக்களே திரட்டிக் கொடுத்தார்கள். இதுதான் நாம் மறக்கக் கூடாத செய்தி. மூச்சை அடக்கிக் கடலடியில் தேடிய பொருளை, அவர்கள் எழுத்துக்காகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். தாம் படிக்க முடியாவிட்டாலும் தம் மக்கள் படிக்கட்டும் என்று கொடுத்த கைகள் அவை.

அடிகளார் 1600-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் புன்னைக்காயலில் காலமானார். உடல் தூத்துக்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது. கிறிஸ்தவர்கள் மட்டுமின்றி, அண்டை ஊர்களின் முஸ்லிம்களும் இந்துக்களும் அவருக்காகத் துக்கம் காத்தனர் என்று அக்காலச் சேசு சபைக் குறிப்புகள் கூறுகின்றன. ஒரு காலத்தில் பூசல் மூண்ட அதே கரையில் இது நடந்தது. ஐம்பது ஆண்டுத் தொண்டு எதைச் சாதித்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

துறை போயிற்று, ஊர் நின்றது

ஆறு இளைப்பாறவில்லை. புன்னைக்காயலின் முகத்திலும் மணல் சேர்ந்தது. தீவுகளால் காக்கப்பட்ட தூத்துக்குடி, கப்பல்கள் தங்க ஏற்ற இடமாக இருந்தது. ஆகவே 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வாணிகமும் அதிகாரமும் அங்கே சென்றுவிட்டன. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். முத்துக்குளிப்பும் மெல்ல மெல்லக் குறைந்தது. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. முத்து இல்லாத முத்துக்குளித்துறை என்னும் நிலை வந்தது.

நூல்களும் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. 1950-களில் தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் தேடி இவற்றின் சிறப்பைத் தமிழுலகுக்கு எடுத்துக் காட்டினார். பிளோஸ் சாங்தோரும் நூலின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. சேசு சபை இராஜமாணிக்கம் அடிகளார் அதை 1967-இல் மீண்டும் பதிப்பித்தார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, முத்துக்குளித்துறையின் நூல் மறுபடியும் தமிழர் கைக்கு வந்தது.

ஆறோ தன் பழைய வழியை மறக்கவில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு கடைமடை ஊர்களைச் சூழ்ந்தது. ஊர்களை எழுப்பிய ஆறு தன் வலிமையை நமக்கு மீண்டும் காட்டிற்று. கழிமுகத்தில் வளரும் அலையாத்திச் செடிகளை வெட்டாமல் காப்பதும், ஆற்றின் வழியை அடைக்காமல் விடுவதும் வரலாற்றுப் பாடமும் கூடத்தான்.

முடிவுரை

கொற்கை, காயல், புன்னைக்காயல் ஆகிய மூன்று துறைகளையும் ஆறே தந்தது. ஆறே திரும்ப எடுத்துக்கொண்டது. கோட்டையும் குதிரை வாணிகமும் முத்தும் போய்விட்டன. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த செபம் போகவில்லை. நோயாளிக்குச் செய்த தொண்டு போகவில்லை. காசு திரட்டி வார்த்த எழுத்து போகவில்லை. வண்டலால் மூட முடியாத செல்வம் இதுவே.

நம்மில் பலருடைய பாட்டிமார் பள்ளிக்கூட வாசலை மிதியாதவர்கள். அவர்களும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித்தான் நம் பெற்றோரைப் படிக்க வைத்தார்கள். எழுத்தறியாமலே எழுத்துக்குக் கொடுத்த அந்தக் கடற்கரை மக்களின் வரிசையில் அவர்களும் சேர்ந்தவர்களே. அவர்கள் கொடுத்ததைப் பெற்றுக்கொண்ட நாம், கற்றதை வீட்டிலும் அயலிலும் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்போம். 1542-இல் மணியோசை கேட்டு ஓடிவந்த அச்சிறுவர் சிறுமியர் செய்ததும் அதுதானே!